'காலி' என்று ரசீது, குழலுக்குள் மருந்து

அமெரிக்காவில் குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ரைஃபிளைப் பழையதாக வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள். நான் வாங்கியது .50 காலிபர் (குழல் விட்டம் அரை அங்குலம்), கேப் (அடித்தால் பொறி விடும் சின்ன மூடி) வைத்து அடிக்கும் ரகம். கூடவே மருந்து, குண்டு, குண்டைச் சுற்றும் துணி எல்லாம் போட்ட ஒரு பெட்டி. கடைக்காரர் ரசீதில் 'சோதித்தது, காலி' என்று எழுதிக் கொடுத்தார். இரண்டுமே பொய்.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். நிப்பிளில், அதாவது கேப் மாட்டும் சிறு முனையில், கேப் இல்லை என்று முதலில் பாருங்கள். முகத்தைக் குழல்வாய்க்கு நேரே கொண்டு போகாமல், குண்டைத் தள்ளும் கோலை அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். கோலை உருவி, கோடு வாய்க்கு நேராக வரும்படி குழலின் மேலே வைத்தால், நுனி நிப்பிள் வரை எட்ட வேண்டும். இதில் ஏறக்குறைய 2 அங்குலம் முன்னாலேயே நின்றது. 70 கிரெய்ன் (சிறு எடை அலகு) மருந்தும் ஒரு குண்டும் அடைக்கிற இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கருமருந்து, அதாவது இந்த ரகத் துப்பாக்கிக்கான பழைய வெடிமருந்து, எத்தனை வருஷம் கிடந்தாலும், ஈரம் படாதவரை உயிரோடுதான் இருக்கும். எவரோ கெட்டித்ததைச் சுட்டுக் காலி செய்யப் பார்க்காதீர்கள். நிப்பிளைக் கழற்றித் தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக ஊறவைத்து, பிறகு திருகு மாட்டிய கோலால் குண்டை இழுக்க வேண்டும். பழக்கமில்லையென்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

பெட்டி அதைவிட மோசம். லேபிள் இல்லாத டப்பாவில் 'கருமருந்து மாதிரிதான்' என்று கொடுத்தது, ஒரே அளவில் வெட்டிய குட்டிக் குட்டி உருளைகள். கருமருந்து அப்படி இருக்காது. உடைத்த கரித்தூள் போலக் கோணல்மாணலாக இருக்கும். இது புகையில்லா மருந்து, இன்றைய தோட்டாக்களில் போடுவது. கருமருந்துக்கென்று செய்த குழலில் இதைப் போட்டால் அழுத்தம் தாங்காமல் குழல் பிளந்து கையோடு போகும். 'கொஞ்சமாகப் போட்டால் ஒன்றும் ஆகாது' என்பதெல்லாம் வெறும் பேச்சு. பார்க்கக் கருமருந்து போலவே இருந்தாலும், லேபிள் இல்லாத டப்பா வேண்டாம்.

மருந்தைத் தராசில் நிறுத்துப் போடக் கடைக்காரர் சொன்னதும் தப்பு. கருமருந்துக்குப் பதிலாகப் போடுகிற பைரோடெக்ஸ் அதைவிட லேசானது. தராசில் 70 கிரெய்ன் நிறுத்தால் அளவு கூடிவிடும். 70-க்கு வைத்த அளவுக் குழாயில்தான் அளக்க வேண்டும். இன்னொரு மாற்று மருந்தான டிரிப்பிள் செவனுக்கு வேகம் அதிகம், அளவில் 15% குறைக்க வேண்டும். உச்ச அளவுக்குத் துப்பாக்கிக் கம்பெனியின் கையேடுதான் கணக்கு. இன்னொன்று, மருந்துக் குப்பியிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் குப்பியே வெடிக்கும்.

குண்டுப் பெட்டியில் விட்டம் 0.490 அங்குலம் என்று போட்டிருந்தது. காலிப்பர் கருவியால் அளந்தால் 0.498. நகத்தால் கீறினால் கோடும் விழவில்லை, அதாவது சுத்த ஈயம் இல்லை. 0.490 குண்டுக்கு 0.015 துணி சுற்றினால் புரிகளில் (குழலின் உட்புறச் சுருள் பள்ளங்களில்) இறுக்கமாக இறங்கும். 0.498-க்குச் சுத்தியல்தான் வேண்டும், அப்போதும் பாதி வழியில் சிக்கும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழல் அந்த இடத்தில் மோதிரம் போலப் புடைக்கும், வெடிக்கவும் கூடும். கோலில் இரண்டாவதாக ஒரு கோடு வேண்டியது இதற்காகத்தான்: சரியாகக் கெட்டித்த பிறகு வாய் மட்டத்தில் போட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் ஒப்பிடுங்கள்.

அதே 70-ஐப் போட்டு 370 கிரெய்ன் நீளக் குண்டும் சுடலாம் என்றார். உருண்டைக் குண்டு சுமார் 177 கிரெய்ன்தான். எடை இரட்டிப்பானால் அழுத்தமும் ஏறும், கையேடு பார்க்காமல் தொடக்கூடாது. துணி சுற்றாத குண்டு தளர்வாக இருந்தால், குழலைக் கீழே சாய்த்து நடக்கும்போது முன்னே நழுவி அதே இடைவெளியை உண்டாக்கும்.

பெட்டியிலிருந்த துணியில் ஒரு நூலை உருவித் தீயில் காட்டியதும் உருகி முத்தாகத் திரண்டது. பருத்தி சாம்பலாகும். உருகுகிற துணி புரிகளில் ஒட்டிக்கொள்ளும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, 'பழைய சாமான், உள்ளது உள்ளபடி விற்றது' என்றார்கள். அந்த வரியும் ரசீதில் இருந்தது, அடியில் பொடி எழுத்தில். அதனால் கோலைக் கடையிலேயே, பணம் கொடுக்கும் முன்பே உள்ளே விட்டுப் பாருங்கள்.