டீசல் முள் அசையவில்லையா? பழைய லாரியில் மீட்டரா, மிதவையா, எர்த்தா, குச்சியா

பழைய லாரியில் டீசல் முள் வேலை செய்யவில்லை என்று பட்டறையில் சொன்னால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். முள் இருக்கும் மீட்டர் போய்விட்டது, வேறு போடுங்கள் என்பார் ஒருவர். டேங்கில் டீசல் மட்டத்தோடு ஏறி இறங்கி மீட்டருக்குச் சிக்னல் தரும் மிதவை யூனிட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்பார் அடுத்தவர். இருப்பதையே கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்பார் ஒயரிங் வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட எலக்ட்ரீஷியன். மூத்த ஓட்டுநரோ, டேங்கில் விட்டு அளக்கக் குச்சி இருக்கும்போது முள் எதற்கு என்று பேச்சை முடித்துவிடுவார். நான்கிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் பழைய வண்டிக்கு என் வரிசை இதுதான்: முதலில் எர்த் (மின்சாரம் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸ் வழியாகத் திரும்பும் இணைப்பு), அடுத்து பழைய யூனிட்டைப் பழுதுபார்ப்பது, பிறகு புது யூனிட், கடைசியாகத்தான் மீட்டர். குச்சி இவை எல்லாவற்றுக்கும் துணை.

டீசல் வண்டியில் இதைச் சின்னக் குறை என்று தள்ளிவிட முடியாது. டேங்க் வறண்டால் குழாயிலும் பம்பிலும் காற்று புகுந்துவிடும். டீசல் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் மட்டும் வண்டி கிளம்பாது. கைப்பம்பை அழுத்தி, நட்டுகளைத் தளர்த்தி, காற்றை வெளியேற்றினால்தான் உயிர் வரும். தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்தில் எஞ்சின் நின்றால் நிலைமை இன்னும் மோசம். ஏர் பிரேக் வண்டியில் காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் நின்றுபோகும்; தொட்டியில் மிஞ்சியிருக்கும் காற்றை நம்பித்தான் பாரத்தோடு இறங்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகிவிடும். ஆகவே முள்ளை நம்ப முடியாத லாரியை மலைப்பாதைக்கு அனுப்பக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லை. யூனிட்டைத் திறக்காமல், டேங்க் மூடியையும் மூடியே வைத்துக்கொண்டு, யூனிட்டுக்கு வரும் சிக்னல் ஒயரை மட்டும் கழற்றுங்கள். சாவியைப் போட்டால் முள் ஒரு ஓரத்துக்குப் போக வேண்டும். அந்த ஒயரைச் சேஸிஸில் சுத்தமான இரும்பில் தொட்டால் எதிர் ஓரத்துக்குப் போக வேண்டும். எந்த ஓரம் காலி, எந்த ஓரம் முழு என்பது வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு பக்கமும் போகிறதா என்பதுதான் கேள்வி. சூட்டில் இயங்கும் பழைய ரக மீட்டரில் முள் மெதுவாகவே ஏறும். அது நகரத் தொடங்கியதும் ஒயரை எடுத்துவிடுங்கள். கடைசிவரை பிடித்திருந்தால் உள்ளே இருக்கும் சுருள் கருகலாம்.

முள் இரு பக்கமும் போனால் மீட்டரும் நல்லது, ஒயரும் நல்லது. குறை டேங்க் பக்கம் இருக்கிறது. இந்த இடத்தில் புது மீட்டர் வாங்குவது பணத்தைச் சாலையில் போடுவதற்குச் சமம்.

சோதிக்க டெஸ்ட் பல்பா, மல்டிமீட்டரா என்ற பழைய சண்டைக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க பல்புதான் மேல். டிஜிட்டல் மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும். அதனால் துருப்பிடித்து ஒரே ஒரு இழை மிஞ்சிய ஒயரிலும் 12 வோல்ட் காட்டிவிடும். பல்பு அந்த ஒயரிடம் உண்மையான வேலை கேட்கும். மங்கலாக எரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மிதவை யூனிட்டின் மின்தடையை, அதாவது ஓம் அளவை எடுக்க மட்டும் மல்டிமீட்டரை விட்டால் வேறு வழியில்லை. இரண்டையும் வைத்துக்கொள்வதே நல்லது.

இனி எர்த். பழைய லாரிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். டேங்க் இரும்புதான், ஆனால் அது ரப்பர் பட்டை வைத்துச் சேஸிஸில் கட்டப்பட்டிருக்கிறது. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகும்போதெல்லாம் மேலே ஒரு கோட் பெயின்ட் ஏறுகிறது. யூனிட்டின் திருகுகளுக்கடியில் துருவும் சேற்றுப் பொடியும் படிகின்றன. மீட்டருக்கு மின்சாரம் போகும் வழி சரியாக இருந்தாலும் திரும்பும் வழி அடைபட்டுவிடுகிறது. யூனிட்டின் திருகு ஒன்றிலிருந்து சேஸிஸுக்குத் தனி ஒயர் ஒன்றைத் தற்காலிகமாகக் கட்டிப் பாருங்கள். முள் நிமிர்ந்தால் வேலை முடிந்தது. அந்த ஒயரின் முனையில் நல்ல லக் (உலோக வளையம்) போட்டு, பெயின்டைச் சுரண்டிய இடத்தில் நிரந்தரமாக முறுக்கிவிடலாம். மற்ற வழிகளோடு ஒப்பிட்டால் இதற்குச் செலவே இல்லை என்று சொல்லலாம்.

எர்த் சரியாக இருந்தும் முள் தவறு காட்டினால் யூனிட்டைக் கழற்ற வேண்டியதுதான். சில கார்களைப் போல டேங்கை இறக்க வேண்டியதில்லை. பெரும்பாலான லாரிகளில் டேங்க் பக்கவாட்டில் இருப்பதால் மேலிருந்தே யூனிட்டை எடுத்துவிடலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மேலே படிந்த மண்ணைத் துடைத்த பிறகே திருகுகளைத் தொடுங்கள். பீடி, வெல்டிங் எதுவும் அருகில் கூடாது.

பழுதுபார்ப்பதா, புதிது போடுவதா என்பதை யூனிட்டே சொல்லிவிடும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் டீசல் புகுந்திருக்கிறது. அது மூழ்கியே கிடப்பதால்தான் முள் காலியிலேயே நின்றது. மிதவையை மட்டும் மாற்றினால் போதும். மிதவையைத் தாங்கும் கம்பிக் கையை மெல்ல மேலும் கீழும் அசைத்து ஓம் அளவைப் பாருங்கள். அளவு சீராக ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் துள்ளினால் கம்பிச் சுருளில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. அழுக்கென்றால் கான்டாக்ட் கிளீனரும் மெல்லிய துணியும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சுருள் மெல்லியது. சுருளைத் தொடும் நாக்கு தளர்ந்திருந்தால் மயிரிழை அளவு வளைத்து அழுத்தம் கூட்டலாம். சுருள் அறுந்திருந்தால் மட்டும் புதிதுக்குப் போகலாம்.

பழையதை இவ்வளவு பரிந்து பேசக் காரணம் இருக்கிறது. மிதவை யூனிட்டும் மீட்டரும் ஒரே அளவுக்குச் செய்யப்பட்ட இணை. உலகம் முழுவதற்கும் பொதுவான அளவு கிடையாது. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் காலிக்குச் சுமார் 0 ஓம், முழுக்கு 90. பழைய ஃபோர்டு பிக்கப்பில் அது தலைகீழ்: காலிக்கு 73, முழுக்கு 10. ஐரோப்பிய மீட்டர் பிராண்டான வி.டி.ஓ. வகையில் காலிக்கு 10, முழுக்கு 180. இணை மாறினால் டேங்க் நிறைந்திருக்கும்போது முள் பாதியில் நிற்கும், அல்லது காலியாக இருக்கும்போது முழு என்று காட்டும். அசையாத முள்ளைவிட இது ஆபத்து, ஏனென்றால் ஓட்டுநர் அதை நம்பிவிடுவார். ஓம் அளவு அச்சிடாத யூனிட்டை "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். பழைய யூனிட்டின் காலி, முழு அளவுகள், மிதவைக் கையின் நீளம், டேங்கின் ஆழம், வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள்.

மீட்டரை மாற்றும் நிலை அரிது. டீசல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்து தவறு காட்டினால்கூட உடனே மீட்டரைக் குறை சொல்லக் கூடாது. இரண்டுக்கும் பொதுவான ஃப்யூஸ், மீட்டர் போர்டின் எர்த், சில வண்டிகளில் வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஆகியவற்றைப் பாருங்கள். மீட்டர்தான் என்று உறுதியானால் கோயம்புத்தூர் பிரிகால் போன்று பெயர் போட்டுச் செய்பவர்களின் சரக்கை, உங்கள் யூனிட்டின் அளவு சொல்லிக் கேளுங்கள்.

புதிதாக வரும் மின்னணு டீசல் சென்சார், பல லாரி வைத்திருப்பவருக்கு உதவும். டீசல் திருட்டையும் காட்டிக்கொடுக்கும். ஒற்றை லாரி வைத்து அதைத் தானே ஓட்டுபவருக்கு அது தேவையில்லாத செலவு.

குச்சியை மட்டும் நம்புவோருக்கு ஒரு எச்சரிக்கை. செவ்வக டேங்கில் கால் உயரம் என்றால் கால் பங்கு டீசல் இருக்கும். படுத்த உருளை டேங்கில் கால் உயரத்துக்குச் சுமார் 20 சதவீதம்தான். சென்டிமீட்டரை நேரடியாக லிட்டராகக் கணக்கிட்டால் அங்கே ஏமாந்துவிடுவோம். டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும்போது சமதரையில் வண்டியை நிறுத்தி, பங்க்கில் இருபது இருபது லிட்டராக நிரப்பி, ஒவ்வொரு தடவையும் அலுமினியக் குச்சியில் கோடு போடுங்கள். மரக்குச்சி வேண்டாம், சிலும்பு உள்ளே விழும்.

யூனிட்டைத் திரும்பப் பொருத்தும்போது பழைய கேஸ்கெட்டையே வைக்காதீர்கள். அது நசுங்கியிருக்கும், மழைத்தண்ணீர் டேங்குக்குள் இறங்கும். பிறகு கால், அரை, முழு ஆகிய மூன்று அளவிலும் குச்சியையும் முள்ளையும் ஒத்துப்பாருங்கள். காலி பக்கம் முள் டீசலைக் கூட்டிக் காட்டினால், மிதவைக் கையைச் சிறிது வளைத்து, கையிருப்பு இருக்கும்போதே முள் சிவப்பைத் தொடும்படி செய்துவிடுங்கள்.