கரி தடத்தில் விர்ட்டஸ் ஜிடி: தானியங்கி கியருக்கு நம் கை எதற்கு?

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே மொத்தமே 2.1 கிலோமீட்டர்தான். நேர்ப்பாதையில் விரட்டிப் பெருமைப்பட நினைப்பவர்களுக்கு அது காணாது. ஆனால் ஒரு கியர்பெட்டியின் குணத்தை அறிய நல்ல இடம். ஒரு வளைவை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். அங்கேதான் ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடியை ஓட்டிப் பார்த்தேன். 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், டிஎஸ்ஜி எனப்படும் ஏழு கியர் தானியங்கிப் பெட்டி. கார் என் அக்கா மகனுடையது.

"எஸ்-இல் போட்டுவிட்டு மிதியுங்கள் மாமா, மற்றதை அது பார்த்துக்கொள்ளும். உங்கள் கையைவிட அதற்கு வேகம் அதிகம்" என்றான். எஸ் என்பது விரட்டி ஓட்டுவதற்கான நிலை, டி அன்றாட ஓட்டத்துக்கானது. பாதிதான் சரி. டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்கள் ஒன்றின் பொறுப்பு, இரட்டைப்படை கியர்கள் மற்றதன் பொறுப்பு. மூன்றாவதில் போகும்போதே நான்காவது கோத்துத் தயாராக இருக்கும். பிடியை இந்தக் கிளட்ச்சிலிருந்து அந்தக் கிளட்ச்சுக்கு மாற்றினால் போதும். 1986-இல் இத்தாலியின் மோன்சா தடத்தில் போர்ஷே 962 என்ற கார் இப்படிப்பட்ட பெட்டியோடு பந்தயமே வென்றிருக்கிறது. எனவே மேல் கியருக்கு ஏற்றும் வேலையில் நாம் தலையிட்டு மிச்சப்படுத்தப்போவது ஒன்றுமில்லை.

இறக்குவது வேறு கதை. காலும் பிரேக்கும் வேகமும் சொல்வதை வைத்துத்தான் எந்தத் தானியங்கியும் முடிவெடுக்கிறது. முன்னால் வளைவு வருவது நமக்குத்தான் தெரியும். வளைவின் நடுவே காலைத் தளர்த்தினால், ஓட்டுநர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்து மேலே ஏற்றும். வெளியேறும்போது மிதித்தால் அவசரமாக இறக்கும். முன்சக்கரங்களால் இயங்கும் காரில் அந்த நொடியில் விசை வந்து விழுந்தால், மூக்கு வளைவுக்கு வெளியே ஓடும். டி-யில் இது அதிகம், எஸ்-இல் குறைவு. கையால் மூன்றாவதைப் பிடித்துவைத்து ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லை: உள்ளே போன கியரிலேயே வெளியே வரலாம், வலது கால் கேட்கும் அளவுக்கு மட்டும் விசை வரும். நிமிடத்துக்கு 1600 சுழற்சியிலேயே 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும் இன்ஜின் என்பதால், ஒரு கியர் உயரமாக இருந்தாலும் திணறுவதில்லை.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் சிறு நெம்புகோல்கள்தான் பேடில்கள்: இடதைத் தட்டினால் கியர் இறங்கும், வலதைத் தட்டினால் ஏறும். தட்டவும் ஒரு நேரம் இருக்கிறது. நான்காவதில் முழு மிதியில் போகும்போது, அடுத்து ஐந்துதான் என்று பெட்டி அதைக் கோத்து வைத்திருக்கும். நீங்கள் திடீரென மூன்றைக் கேட்டால், இரண்டும் ஒரே பக்கத்துக் கியர்கள் என்பதால் ஐந்தை விடுவித்துவிட்டு மூன்றைத் தேட வேண்டும். அந்தத் தயக்கம் காதுக்கே கேட்கும். முதலில் பிரேக்கை அழுத்துங்கள். காரின் மூக்கு தாழ்ந்து, சீட் பெல்ட் தோளை இழுத்த பிறகு இடது பேடில். அதற்குள் நீங்கள் இறங்கப்போவதைப் பெட்டி ஊகித்துவிடும். இன்ஜின் ஒரு சின்ன உறுமலோடு சுழற்சியைப் பொருத்திக்கொள்ள, கியர் குலுக்கலின்றி விழும். படபடவென்று இரண்டு முறை தட்டினால், சுழற்சி எல்லை மீறும் என்று கண்டு இரண்டாவது வேண்டுகோளைத் தள்ளிவிடும். கியரை ஸ்டீயரிங் திருப்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்; பேடில்கள் ஸ்டீயரிங்கோடு சுற்றுபவை, கைகள் குறுக்காகப் போனபின் எது இடது, எது வலது என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

கியர் லீவரை நான் தொடவே இல்லை. முன்னால் தள்ளினால் ஏற்றம், பின்னால் இழுத்தால் இறக்கம் என்று வைத்திருக்கிறார்கள். பந்தயக் கார்களில் இது நேர் எதிர், அதுதான் நியாயமும்கூட: பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, கையும் முன்னால்தானே போகும்! மாஸ்டாவும் பிஎம்டபிள்யூவும் அப்படித்தான் வைத்திருக்கின்றன.

கையால் மாற்றும் முறையிலும் ஊசி சிவப்பைத் தொட்டால் பெட்டி தானாகவே ஏற்றிவிடும். தீவிர ரசிகர்கள் இதற்குத் திட்டுவார்கள். உச்சத் திறன் 5000 முதல் 6000 சுழற்சிக்குள் கிடைத்துவிடுவதால் அதற்கு மேல் இழுப்பதில் லாபமில்லை. எனக்கு இது ஒரு குறையாகப் படவில்லை. அருகருகே இரண்டு வளைவுகள் இருக்கும் இடத்தில் மட்டும், ஒரு நொடிக்காக எதற்கு இந்த ஏற்றம் என்று தோன்றியது.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது வெப்பத்தை. இதன் கிளட்ச்கள் எண்ணெயில் ஊறிக் குளிர்பவை அல்ல, உலர்வகை. பெட்டி தாங்கும் வரம்பு 250 நியூட்டன் மீட்டர்; இன்ஜின் தருவதும் அதே அளவு. நின்ற இடத்திலிருந்து திரும்பத் திரும்பச் சீறிக் கிளம்பும் விளையாட்டை இதனிடம் வைத்துக்கொள்ள வேண்டாம். சில சுற்றுகளுக்கு ஒருமுறை நிதானமாக ஒரு சுற்று ஓட்டி ஆற விடுங்கள். பின்சக்கரங்களில் டிரம் பிரேக் என்பதையும் மறக்க வேண்டாம்; அதற்கும் சூடு ஆகாது.

வார நாட்களில் அவிநாசி சாலை நெரிசல், எப்போதாவது ஒரு ஞாயிறு தடம் என்றால் டிஎஸ்ஜியை வாங்கலாம். தடம்தான் முக்கியம் என்றால், இதே இன்ஜினோடு ஆறு கியர் மேனுவலும் 2023-இல் விற்பனைக்கு வந்தது; நானாக இருந்தால் அதைத்தான் எடுப்பேன்.