பழைய டபிள்யூஆர்எக்ஸுக்கு எந்த டவுன்பைப்?

2002 முதல் 2005 வரை அமெரிக்காவில் விற்ற சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸை வைத்திருப்பவர்கள் முதலில் கைவைக்க நினைப்பது டவுன்பைப்பில்தான், அதாவது டர்போவிலிருந்து புகையைக் கீழே கொண்டுபோகும் குழாயில். 2 லிட்டர் எஞ்சின், 227 குதிரைத்திறன், சின்ன டிடி04 டர்போ. டர்போவை விட்டு வெளியேறும் புகை குறுகலான குழாயிலும் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரிலும் முட்டித்தான் பின்னால் போக வேண்டும். 3 அங்குலக் குழாய் போட்டால் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும். மாட்டுவது அரை நாள் வேலை. பலர் சறுக்குவது அதற்கு முன்பே, எதை வாங்குவது என்ற இடத்தில்.

கன்வெர்ட்டர் வேண்டுமா, வேண்டாமா

கன்வெர்ட்டர் இல்லாத வெறும் குழாய் விலை குறைவு, எடை குறைவு, சத்தம் அதிகம். பின்னால் நிற்பவருக்கு நாற்றமும் அதிகம். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 பிழைக் கோடு வந்து எஞ்சின் விளக்கு எரியும். பின் ஆக்சிஜன் சென்சார் கன்வெர்ட்டரைத் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். சென்சாரைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்கும் ஸ்பேசரைப் போட்டு விளக்கை அணைப்பவர்கள் உண்டு. விளக்குதான் அணையும், புகை அப்படியே இருக்கும்.

சதுர அங்குலத்துக்கு 200 துளை உள்ள உலோகக் கன்வெர்ட்டர் வைத்த குழாய் இன்னொரு வழி. டிடி04 அளவுள்ள டர்போவில் வெறும் குழாய்க்கும் இதற்கும் உள்ள வேகவித்தியாசத்தை ஓட்டுபவர் உணர்வது கடினம். பீங்கான் உள்ளீடு வைத்தது மலிவாகக் கிடைக்கும். பெட்ரோல் அதிகமாக எரிந்து வெப்பம் ஏறினால் உள்ளே நொறுங்கிக் குழாயையே அடைத்துவிடும். உலோகம்தான் தாங்கும். ஆனால் 200 துளை போட்டாலும் பி0420 வராது என்று யாரும் உறுதி தர முடியாது. எஞ்சின் எண்ணெய் குடிக்கிறதென்றால் அதை முதலில் சரிசெய்யுங்கள். எண்ணெயில் உள்ள பாஸ்பரஸ் புதுக் கன்வெர்ட்டரையும் கொன்றுவிடும்.

சட்டத்தையும் மறைக்க வேண்டாம். அமெரிக்காவில் சாலையில் ஓடும் வண்டியிலிருந்து கன்வெர்ட்டரைக் கழற்றுவது தூய காற்றுச் சட்டத்தின்படி குற்றம். பழையது கெட்டுப்போனால் மாற்றலாம். அதுவும் அதே இடத்தில், அதே எண்ணிக்கையில், அனுமதி பெற்ற கன்வெர்ட்டராக இருக்க வேண்டும். கலிபோர்னியாவில் அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி எண்ணும் வேண்டும். கடையில் விற்கும் 200 துளைக் குழாய்களில் பெரும்பாலானவை இந்த வரையறைக்குள் வராது. ஆகவே வெறும் குழாய் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டிக்கு. தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டிக்குக் கம்பெனிக் குழாயே போதும். அதில் புது கேஸ்கெட் போட்டு, கசிவை அடைத்தாலே பாதிக் குறை தீரும்.

பெல்மவுத்தா, தனிக்குழாயா

டர்போவின் வாயில் இரண்டு ஓட்டைகள். பெரியது விசிறி வழியாக வரும் புகைக்கு. சின்னது வேஸ்ட்கேட், அதாவது அழுத்தம் எல்லை மீறாமல் புகையை விசிறிக்குப் போகாமல் திருப்பிவிடும் மூடி, திறக்கும்போது தப்பும் புகைக்கு. பெல்மவுத் இரண்டையும் ஒரே அகன்ற வாயில் வாங்கிக்கொள்ளும். தனிக்குழாய் வகையில் வேஸ்ட்கேட் புகை மெல்லிய குழாயில் தனியாக இறங்கி, ஓரடிக்குக் கீழே போய்ப் பெரிய குழாயோடு சேரும். இரண்டு புகையோட்டமும் மோதிக் குழம்பாது என்பதே அதன் நியாயம்.

நியாயம் சரிதான், ஆனால் விலை கொடுப்பது வெல்டிங்கில். மெல்லிய குழாய் சேரும் இடத்தில் வெப்பம் ஏறி இறங்கி விரிசல் விடும். வாய் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் பற்றவைக்கப்பட்டாலும் வேஸ்ட்கேட் மூடி அதில் இடிக்கும், முழுதாகத் திறக்காது. அப்புறம் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், கட்டுக்குள் நிற்காது. கம்பெனி டர்போவுக்கு நல்ல பெல்மவுத் போதும். எதை வாங்கினாலும், மாட்டுவதற்கு முன் ஃபிளேஞ்சை (குழாய் வாயிலுள்ள இணைப்புத் தகட்டை) டர்போவில் வைத்துப் பிடித்து, வேஸ்ட்கேட்டை இயக்கும் ஆக்சுவேட்டரின் கம்பியை இழுத்து மூடி தடையில்லாமல் ஆடுகிறதா என்று பாருங்கள். மாட்டிய பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும்.

ஒரே துண்டா, இரண்டு துண்டா

ஒரே துண்டில் கசிய ஒரு இணைப்பு குறைவு. ஆனால் ஸ்டாண்டில் நிறுத்திய வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைத் தனியாக வளைத்து ஏற்றுவது கழுத்தை முறிக்கும் வேலை. இரண்டு துண்டை ஒருவரே மாட்டிவிடலாம். நெளியும் பின்னல் துண்டு இல்லாத குழாயை மட்டும் வாங்காதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், குழாய் ஆடாது; ஃபிளேஞ்சின் வெல்டிங்தான் உடையும்.

குழாய்கள் 304, 409 என்ற இரண்டு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வரும். 304 என்று விற்பதைக் காந்தத்தால் சோதிக்கலாம். 304-இல் காந்தம் ஒட்டாது, வெல்டிங் ஓரத்தில் லேசாக இழுக்கலாம். 409-இல் நன்றாக ஒட்டும். பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் ஊரில் 409-இன் மேல் துரு படியும், சீக்கிரம் ஓட்டை விழாது.

மாட்டும்போது

முதல் நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கி எண்ணெய் விடுங்கள். மறுநாள் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். மேலிருக்கும் இன்டர்கூலரைக் கழற்றி, டர்போவின் வெப்பத்தகட்டை எடுங்கள். டர்போவில் ஐந்து நட்டு-போல்ட், 14 மி.மீ.; நீள எக்ஸ்டென்ஷனும் வளையும் மூட்டும் இல்லாமல் எட்டாது. முரண்டு பிடித்தால் பலத்தைக் கூட்டாதீர்கள். சிறிது இறுக்கி, பிறகு தளர்த்தி, முன்னும் பின்னும் கொண்டுவாருங்கள். ஸ்டட் ஒன்று முறிந்தால் டர்போவையே கழற்ற நேரிடும்.

கீழே பின் சென்சாரின் பிளக்கை எடுத்து, 22 மி.மீ. ஸ்பேனரால் சென்சாரைக் கழற்றுங்கள். கியர்பாக்ஸில் தொங்கும் பிராக்கெட், பின்குழாய் சேரும் இடத்து இரண்டு போல்ட், அத்துடன் பழைய குழாய் இறங்கும். கனமானது, அடியில் ஜாக்கி கொடுத்து இறக்குங்கள்.

புதுக் குழாயின் பின் ஃபிளேஞ்ச் கம்பெனிப் பின்குழாய்க்கா, 3 அங்குலப் பின்குழாய்க்கா என்பதை ஆர்டர் போடும்போதே கேளுங்கள். கசிவுக்குப் பாதிக் காரணம் இந்தப் பொருத்தமின்மை. டர்போ கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும். ஐந்து நட்டு-போல்ட்டையும் கையால் ஏற்றி, குழாயை எல்லா இடத்திலும் பொருத்திய பின்பே முறுக்குங்கள்: டர்போவில் 35 நியூட்டன் மீட்டர், சென்சாருக்கு 21. மரை இறுகிப்போகாமலிருக்கத் தடவும் பூச்சு சென்சாரின் மரையில் மட்டும், நுனியில் படக்கூடாது.

இந்த வண்டியில் காற்று-எரிபொருள் அளவைப் பார்க்கும் முன் சென்சார் டர்போவுக்கு முந்திய குழாயில் இருக்கிறது. எனவே டவுன்பைப்பில் கசிந்தாலும் எஞ்சினின் கலவை பெரிதாகக் கெடாது. சீறும் சத்தம் கேட்கும், பின் சென்சார் தப்பாகப் படிக்கும். டர்போவுக்கு முன்னுள்ள மேல்குழாயிலும் ஒரு கன்வெர்ட்டர் உண்டு. அது நொறுங்கினால் துண்டுகள் நேரே டர்போ விசிறிக்குள் போகும். டவுன்பைப் மாற்றுவது அதைத் தீர்க்காது.

ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை) மறுட்யூன் செய்யும் வரை அழுத்தி ஓட்டாதீர்கள். பூஸ்ட் மீட்டரைப் பாருங்கள்: கம்பெனி அளவு உச்சத்தில் சுமார் 14 பிஎஸ்ஐ. முள் ஒருமுறை துள்ளிவிட்டு இறங்கினால் அது ட்யூனில் சரிசெய்யக்கூடியது. வேகம் ஏற ஏற முள்ளும் ஏறிக்கொண்டே போனால் வேஸ்ட்கேட் ஓட்டை போதவில்லை. ட்யூனரால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. டர்போவைக் கழற்றி ஓட்டையை அகலமாக்கத்தான் வேண்டும்.