ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் படகில் எங்கே போகலாம்: லாசரஸா, நோங்சாவா, தியோமானா?

சிங்கப்பூரில் பாய்மரப் படகு வைத்திருப்பவர் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், தேக்காவையும் செந்தோசாவையும் பார்த்து முடித்த கையோடு, "கடல்ல எங்களையும் கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்பார்கள். கூட்டிப்போகத்தான் வேண்டும். ஆனால் எங்கே என்று முடிவு செய்யும்போது தீவின் அழகை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். வந்தவருக்கு உடம்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் எந்த வழியாகக் கரைக்குத் திரும்புவார்? ஊருக்குப் போகும் விமானம் என்றைக்கு? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிடும்.

பெரியவர்களோ சிறுபிள்ளைகளோ இருந்தால் சிங்கப்பூருக்குத் தெற்கே பக்கத்திலேயே இருக்கும் லாசரஸ் தீவுதான். செந்தோசா கோவ் பக்கமிருந்து கிளம்பினால் சீக்கிரமே நங்கூரம் போட்டுவிடலாம். பிறைபோல் வளைந்த குடா, பெரும்பாலும் அலை அடங்கியே இருக்கும். நாட்டைவிட்டு வெளியே போகாததால் கடப்பிதழ் (பாஸ்போர்ட்), விசா என்ற பேச்சே இல்லை. யாருக்காவது தலை சுற்றினால் டிங்கி என்ற சிறு படகில் கரைக்குக் கொண்டுபோய், இணைப்புப் பாதை வழியாக செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு நடத்திச் சென்று, சிங்கப்பூர்க் கரையிலுள்ள மரீனா சவுத் பியருக்குப் போகும் ஃபெர்ரியில் ஏற்றிவிடலாம். கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று மட்டும் முதலிலேயே பார்த்து வையுங்கள்.

சனி, ஞாயிறில் குடா நிறையப் படகுகள், பாட்டுச் சத்தம். ஆளில்லாத தீவை எதிர்பார்த்து வருபவருக்கு அது ஏமாற்றம்தான். வார நாளில் போங்கள். ஆனால் லாசரஸை நான் விரும்புவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பக்கத்து செயின்ட் ஜான்ஸில் 1874இல் நோய்த்தடுப்புத் தனிமை நிலையம் தொடங்கினார்கள். தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த நம் ஆட்களும் அங்கே இறக்கப்பட்டு, நோயில்லை என்று தெரிந்த பிறகே சிங்கப்பூருக்குள் வந்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த சித்தப்பாவையோ பெரியம்மாவையோ அந்தத் தீவில் நடத்திக் கூட்டிப்போய் இதைச் சொல்லுங்கள். நம் குடும்பத்தில் யார் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்ற பேச்சு அவர்கள் வாயிலிருந்தே கிளம்பும். இரவு படகில் தங்கினால், மறுநாள் காலை பக்கத்துக் குசுத் தீவில் துவா பெக் கோங் என்ற சீனக் கோயிலைக் காட்டிவிட்டுத் திரும்பலாம்.

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவிலுள்ள நோங்சா இதற்கு அடுத்த படி. சாங்கியிலிருந்து தூரம் அதிகமில்லை, காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் சேரலாம். ஆனால் நடுவில் சிங்கப்பூர் நீரிணை. சரக்குக் கப்பல்கள் இரு திசைத் தடங்களில் இடைவிடாமல் போகும். தடத்தைச் செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும், நம்மால் பெரிய கப்பலின் வழிக்கு இடையூறு வரக் கூடாது. நீரோட்டமும் படகைப் பக்கவாட்டில் இழுக்கும். விருந்தாளி அருகில் இருந்தால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார், பதில் சொல்ல நமக்கு நேரம் இருக்காது. அதனால் சுக்கான் பிடிக்க ஒருவர், விருந்தாளியைக் கவனிக்க ஒருவர் என்று இரண்டு பேர் இல்லாமல் நான் நீரிணையைக் கடக்கமாட்டேன். பகலில் மட்டும்தான் கடப்பேன்.

காகித வேலையும் உண்டு. இந்தியக் கடப்பிதழில் வந்தவர் என்றால் அவருடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றால் பாத்தாம் போன பிறகு திரும்பி வர முடியாது. இந்தோனேசிய விசாவையும் கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். படகின் ஆள்பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும். திரும்பும்போது ஃபெர்ரியில் போவதாக இருந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மரீனா அலுவலகத்தில் (படகுத்துறை அலுவலகத்தில்) முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் நோங்சா அருமையான இடம். கடல் பிடிக்காமல் போனாலும் நோங்சாபுரா ஃபெர்ரித் துறையிலிருந்து சிங்கப்பூரின் தானா மேரா ஃபெர்ரி முனையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

மலேசியாவின் கிழக்குக் கரையோரத் தீவான தியோமான் மூன்றிலும் அழகானது. பவளப்பாறை, தெளிந்த தண்ணீர், காடு இறங்கி வரும் மலை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து ஏறக்குறைய 100 கடல் மைல். 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 20 மணி நேரம், அதில் ஒரு முழு இரவு. முதல்முறை படகு ஏறுபவரை இருட்டில் திறந்த கடலில் ஆட விடுவதை என்னால் விருந்தோம்பல் என்று சொல்ல முடியாது. அனுபவமுள்ள நண்பரோடு படகை முன்னதாகக் கொண்டுபோய்விடுங்கள். விருந்தாளி பேருந்தில் மலேசியக் கரையிலுள்ள மெர்சிங் வந்து, ஃபெர்ரியில் தியோமானின் தெக்கெக் கிராமத்தில் இறங்கட்டும். அங்கிருந்து சாலாங், ஜுவாரா என்று பகலில் தீவோரமாகப் பாய் விரித்துப் போகலாம். கடலின் நல்லது மட்டும் அவருக்குக் கிடைக்கும், கடினமான பகுதி நம்மோடு போய்விடும். மெர்சிங் ஃபெர்ரி ஓதத்தைப் பார்த்து ஓடுவதால் நேரம் மாறும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வாடைக் காலம், தியோமானை மறந்துவிடுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை வருபவர் விமானத்தில் மலேசியாவின் மேற்குப் பக்கத் தீவான லங்காவி வரத் தயார் என்றால், அங்கே பெரும்பாலும் வானம் தெளிந்திருக்கும்.

எங்கே போனாலும் சிலவற்றை விருந்தாளியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பல நாள் காற்றே இருக்காது, எஞ்சின்தான் ஓடும். ஏப்ரலிலிருந்து நவம்பர்வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ச் சூறைக்காற்று வரலாம். நங்கூரத்தில் நின்றாலும் நாம் எழுந்து ஓடுவோம், அவர்கள் பயப்பட வேண்டாம். சிறு படகில் நல்ல தண்ணீர் அளவோடுதான், குளியல் சுருக்கமாகத்தான். பம்ப் அடிக்கும் கழிப்பறையைக் கரையில் நிற்கும்போதே காட்டிக் கொடுங்கள், வயதானவர்கள் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், மடித்து வைக்கக்கூடிய துணிப்பை போதும். நோங்சாவோ தியோமானோ என்றால், ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரண்டு நாளும் கரையில் இருக்கும்படி பயணத்தைப் போடுங்கள்.