டர்பன் சாட்ஸ்வொர்த் கணினிக் கடை: வேலை சுத்தம், ரசீதுதான் மோசம்

தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதியும் நேரத்தில் எங்கள் கோயில் இணையதளம் வெறும் வெள்ளைத் திரையானது. கடைக்காரத் தம்பி எதையும் அழிக்கவில்லை. முதலில் தளத்தின் பிழைகள் பதிவாகும் கோப்பைத் திறந்தார். "பாருங்க அண்ணா, ஒரு ஃபங்ஷனை, அதாவது பேர் வெச்ச நிரல் துண்டை, மறுபடி அறிவிக்க முடியாதுன்னு தளத்தை இயக்குற பிஎச்பி மொழி சொல்லுது. முன்னாடி அறிவிச்ச கோப்பும் வரி எண்ணும் இதிலேயே இருக்கு." முந்திய அறிவிப்பும் மறு அறிவிப்பும் ஒரே கோப்பு, ஒரே வரி. அப்படியென்றால் அந்தக் கோப்பு இரண்டு தடவை உள்ளே வருகிறது. கோப்பை உள்ளே சேர்க்கும் இன்க்ளூட் (include) கட்டளையை, ஒரு தடவை மட்டும் சேர்க்கும் இன்க்ளூட் ஒன்ஸ் (include_once) ஆக்கினார், தளம் வந்துவிட்டது. கோப்புகள் வேறு வேறு என்றால் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்ற வேண்டுமாம். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி இன்னும் கள்ளம்: அதே பெயரில் பின்னால் வரும் ஃபங்ஷன் முந்தியதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். கட்டணம் கொஞ்சம் அதிகம், சரி. ஆனால் ரசீதில் "தளம் சரிசெய்தது" என்று மட்டும் எழுதுகிறார்கள். எந்தக் கோப்பு, எந்த வரி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.