சிறையா, காவலுள்ள மனநல மருத்துவமனையா?

குற்றம் செய்தவருக்குத் தீவிர மனநோய் என்று தெரிந்ததும், "உள்ளே தள்ளுங்கள்" என்பார் ஒருவர். "வைத்தியம் பாருங்கள்" என்பார் இன்னொருவர்.

காலம்: சிறைக்குப் பெரும்பாலும் முடிவுத் தேதி உண்டு. மருத்துவமனையில் ஆபத்து குறைந்தது என்று உறுதியானால்தான் விடுதலை. 'நோயைக் காட்டித் தப்பிவிட்டான்' என்பவர்கள் டேனியல் மக்நாட்டனை நினைக்கலாம். 1843-இல் லண்டன் கொலை வழக்கில் மனநிலையைக் காரணம் காட்டி அவர் குற்றவாளியல்ல என்றார்கள். ஆனால் 1865-இல் பிராட்மூர் என்ற காவலுள்ள மனநோய்க் காப்பகத்தில் சாகும்வரை அவர் வெளியே வரவேயில்லை.

செலவு: சிறை மலிவு.

ஊர்ப் பாதுகாப்பு: சிறைச்சுவர் தண்டனை முடியும்வரைதான் காக்கும். தனிமைக் கொட்டடி நோயை முற்றவைக்கும். சிகிச்சையில்லாமல் வெளியே வந்தால் ஆபத்தும் கூடவே வரும். மருத்துவமனை, நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்து, கண்காணிப்போடு படிப்படியாக விடும்.

உரிமை: இதில் சிறைதான் மேல், ஒப்புக்கொள்கிறேன். சின்னத் திருட்டுக்கு ஆண்டுக்கணக்கில் வார்டில் அடைபடுவது அநியாயம்.

எனவே, நோயே வன்முறைக்குக் காரணமென்றால் மருத்துவமனை. நோயிருந்தும் தெரிந்தே செய்தவருக்குச் சிறை, உள்ளேயே சிகிச்சையோடு. சிறு குற்றத்துக்கு இரண்டுமே வேண்டாம். கண்காணிப்புடன் வெளியிலேயே சிகிச்சை போதும்.