பத்தா, பதினைந்தா, இருபதா? இன்வெர்ட்டரின் சார்ஜ் சுவிட்ச்

கோவை, திருப்பூர் கடைகளில் இன்வெர்ட்டருக்கு விஏ (எவ்வளவு லோடு தாங்கும்) சொல்வார்கள், பேட்டரிக்கு ஏஎச் (எவ்வளவு சேமிக்கும்; ஆம்பியர் × மணி) சொல்வார்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்வது எத்தனை ஆம்பியரில் என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பின்பக்கம் 10, 15, 20 ஆம்பியர் என மாற்றும் சுவிட்ச் வைத்த 900 விஏ, 12 வோல்ட் சைன்வேவ் (மெயின் கரண்ட் போலவே சீரான அலை தரும்) வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் தகும். 10 ஆம்பியரிலேயே நிற்கும் மாடல் 100 ஏஎச் பேட்டரிக்கு மேல் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் டியூபுலர் (குழாய் வடிவத் தகடு) பேட்டரிக்கு, ஏஎச்சில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ். 150க்கு 15, 200க்கு 20. மாதாந்திர ஷட்டவுனில் காலை 9 முதல் மாலை 4 வரை ஒரு ஃபேன், மூன்று எல்ஈடி பல்பு, மோடம் ஓடினால் ஏறக்குறைய 100 வாட். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் போகும். ஏழு மணி நேரத்தில் 70 ஏஎச். அதைத் திரும்ப ஏற்ற 85 முதல் 90 ஏஎச் வரை பிடிக்கும். 15 ஆம்பியரில் ஆறு மணி நேரம்; முடிவில் ஆம்பியர் இறங்கி மெதுவாக ஏறுவதால் எட்டு, ஒன்பது மணி நேரம் என்று வையுங்கள். விடிவதற்குள் நிறைந்துவிடும்.

100 ஏஎச் பேட்டரியை 20இல் விட்டால் சூடேறிக் கொதிக்கும், தண்ணீர் வற்றும், தகடு அரிக்கும். ஈரோடு, கரூர் வெயிலில் இன்னும் சீக்கிரம். வற்றியதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. சிறுவாணித் தண்ணீர் எவ்வளவு ருசியானாலும் அதிலும் உப்பு உண்டு.

குறைந்த சார்ஜ்தான் அதிகம் கெடுப்பது, ஏனென்றால் வெளியே தெரியாது. தகட்டில் சல்பேட் படிந்து இறுகி, பேக்கப் நாளுக்கு நாள் சுருங்கும். 150 ஏஎச் பேட்டரியோடு அதே அளவில் இன்னொன்றைப் பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) சேர்ப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்: 15 ஆம்பியர் ஆளுக்கு ஏழரையாகப் பிரிந்துவிடும்.

இந்த வகையில் ஒரு குறை, உண்மையில் எத்தனை ஆம்பியர் ஏறுகிறது என்று பல மாடல்கள் காட்டுவதில்லை. தறியும் மோட்டாரும் ஓடி வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் சில மாடல்கள் 15க்குப் பதில் 8, 9தான் கொடுக்கும். பிளக்கைப் பிடுங்கி, இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்த பிறகு சுவிட்சை மாற்றுங்கள். அரை மணி நேரம் பேட்டரியில் ஓட்டிவிட்டு, கரண்ட் கொடுத்ததும் பேட்டரியின் சிவப்பு வயரில் டிசி கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் காட்டுவது) மாட்டிப் பாருங்கள். முழுச் சார்ஜுக்குப் பின், அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.240ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஒரு செல் மட்டும் 0.030க்கு மேல் இறங்கினால் கோளாறு பேட்டரியில்தான். வாரன்டி கார்டை எடுங்கள்.